பைனஸ் காடுகளை என்ன செய்வது?

கண்டிக்கு மேலே ஹந்தானைச் சரிவு, நக்கிள்ஸ் அடிவாரம், பதுளை, பண்டாரவளைப் பக்கத்து மலைகள், சிங்கராஜ வனத்தின் ஓரம் என்று இலங்கையின் மலைப்பிரதேசத்தில் எங்கே திரும்பினாலும் வரிசை பிடித்து நிற்கும் ஒரு மரம் உண்டு. மக்கள் அதைப் பைனஸ் என்கிறார்கள். அரை நூற்றாண்டாக அதைப்பற்றி இரண்டு பேச்சுகள் ஓய்வில்லாமல் நடந்துவருகின்றன. ஊற்றுகளை வற்றவைத்தது, மண்ணைப் பாழாக்கியது, தீயை வரவழைத்தது, அதன் நிழலில் வேறொன்றும் முளைக்காது என்பது ஒரு பேச்சு. மொட்டையாய்க் கிடந்த மலைகளை மூடியது, மண் கரைந்தோடாமல் காத்தது, பலகையும் பிசினும் தருகிறது என்பது மற்றப் பேச்சு.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. எந்த நிலத்தில் நட்டார்கள், எதற்காக நட்டார்கள், நட்டபின் யார் கவனித்தார்கள் என்று கேட்காமல் பேசுவதால்தான் இரண்டும் அரைகுறையாக நிற்கின்றன. இந்த மரத்தின் தாயகம், அது உலகைச் சுற்றிய வழி, தண்ணீர், மண், தீ, உயிரினம், வருமானம் ஆகியவற்றில் ஆய்வுகள் காட்டுவது என்ன என்பதை ஒருசேரப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது. பார்த்தபின் நான் வந்துசேரும் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பைனஸ் ஓர் இடைக்கால மரம். அதை நிரந்தரக் காடாக எண்ணி அப்படியே விட்டுவைத்ததுதான் நாம் செய்த பெரிய தவறு. எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிச் சாய்ப்பது அதைவிடப் பெரிய தவறாகும்.

தாயகத்தில் பைனஸ்

தாவரவியலார் பைனஸ் கரிபியா என்று குறிக்கும் இந்த இனத்தில் மூன்று வகைகள் உண்டு. ஒன்று கியூபாவின் மேற்குக் கோடியிலும் அதை அடுத்த தீவிலும் வளர்கிறது. இன்னொன்று பஹாமாஸ், டர்க்ஸ் கைகோஸ் தீவுகளுக்கு உரியது. மூன்றாவது, பெலீஸ், குவாத்தமாலா, ஹொண்டுராஸ், நிகரகுவா நாடுகளின் கரையோரச் சமவெளி முதல் உள்நாட்டு மலைகள் வரை பரந்திருக்கிறது. தோட்டமாக உலகெங்கும் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் இந்த மூன்றாம் வகைதான். நிகரகுவாவின் கரிபியன் கரையில், ஏறத்தாழ 12 பாகை வட அகலக்கோட்டில், அதன் எல்லை முடிகிறது. அமெரிக்கக் கண்டத்தில் அதற்குத் தெற்கே இயற்கையாக வளரும் பைன் இனம் எதுவும் இல்லை.

அங்கே அது வளரும் நிலத்தைக் கவனிக்க வேண்டும். சத்துக் குறைந்த மணல், சரளை, சுண்ணாம்புப் பாறை. நடுவே உயரமான புல். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புல்லோடு ஓடிப்போகும் தீ. தடித்த பட்டை வளர்ந்த மரத்தைத் தீயிலிருந்து காக்கிறது. எரிந்து வெளிச்சமான தரையில் காற்றோடு வரும் விதை முளைக்கிறது. பஹாமாஸின் அபாக்கோ தீவில் வாழும் கிளி இனம், பைன் காட்டுத் தரையிலுள்ள சுண்ணாம்புக்கல் பொந்துகளில் கூடு வைக்கிறது. மேலே தீ ஓடினாலும் குஞ்சு கீழே பிழைத்துக்கொள்ளும். இத்தனை நெருக்கமாகத் தீயோடு பழகிய காடு அது.

தீ பல ஆண்டுகள் வராமல் நின்றால் என்ன நடக்கிறது என்பது நமக்கு இன்னும் முக்கியம். அகலிலை மரங்கள் அடியிலிருந்து எழும்பி நிழலை இறுக்குகின்றன. வெளிச்சம் கேட்கும் பைன் கன்று அந்த நிழலில் பிழைப்பதில்லை. தலைமுறை மாறும்போது காடும் மாறிவிடுகிறது. பிறந்த மண்ணிலேயே பைனஸ் திறந்த நிலத்தை முதலில் பிடித்து, தீ நின்றதும் மற்ற மரங்களுக்கு இடம்விடும் இனம். நம் மலைகளில் அதை எப்படி நடத்தலாம் என்பதற்கான விடையின் பாதி இந்தச் செய்தியில் இருக்கிறது.

பலகை, காகிதம், ஒரு பூஞ்சை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதிதாக விடுதலை பெற்ற வெப்பமண்டல நாடுகள் பலவற்றுக்கு இரண்டு தேவைகள் ஒன்றாக வந்தன. ஒன்று, விரைவாக வளரும் கட்டட மரம். மற்றது காகிதம். அகலிலை மரங்களின் நார் பொதுவாக 1 மில்லிமீற்றர் அளவே நீளும்; பைன் நார் 3 மில்லிமீற்றருக்கு மேல் போகும். சீமெந்துப் பை, அட்டைப்பெட்டி போன்ற கிழியாத தாளுக்கு இந்த நீண்ட நார் வேண்டும். மரச்சீவல்களைக் காரக் கரைசலில் 170 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தில் வேகவைத்து நாரைப் பிரித்தெடுக்கும் கிராஃப்ட் முறை, பிசின் நிறைந்த பைனுக்கும் ஒத்துவந்தது. குளிர்நாட்டுப் பைன்கள் நம் வெப்பத்தில் திணறும். கரிபியன் பைன் தாழ்நிலத்திலும் வளரும், ஏழை மண்ணிலும் வளரும், 20 முதல் 30 ஆண்டுகளில் அறுப்பு மரமாகிவிடும். ஒக்ஸ்போர்டின் வனவியல் நிறுவனம் மத்திய அமெரிக்காவில் இடம்வாரியாக விதை திரட்டிப் பல நாடுகளுக்குச் சோதனைக்கு அனுப்பியது.

விதையை மட்டும் அனுப்பினால் மரம் வந்துவிடவில்லை. புவேர்ட்டோ ரிக்கோவில் 1930களிலிருந்து பைன் நட முயன்றார்கள். கன்று முளைக்கும், ஓரடி உயரம் வரும், மஞ்சளித்துச் செத்துப்போகும். 1955இல் அமெரிக்காவின் வட கரோலினாப் பைன் காட்டிலிருந்து கொஞ்சம் மண் கொண்டுவந்து கன்றுகளின் அடியில் இட்டபின்தான் அவை தழைத்தன. அந்த மண்ணில் இருந்தது வேரோடு கூடிவாழும் ஒரு பூஞ்சை. பைன் வேரின் நுனிகளைப் போர்த்திக்கொண்டு, மண்ணிலிருந்து பொசுபரசையும் நீரையும் வேருக்கு எடுத்துக்கொடுத்து, பதிலுக்கு மரத்திடம் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். பைன் இயற்கையாக இல்லாத மண்ணில் இந்தத் துணையும் கூட வந்தாக வேண்டும்.

துணையோடு வந்த இடங்களில் மரம் வேகமாகப் பரவியது. பிஜியின் பெரிய தீவான விட்டி லெவுவின் வரண்ட மேற்கில், திரும்பத் திரும்ப எரிந்து சத்திழந்த புற்சரிவுகளில் அதை நட்டார்கள். 1976இல் அதற்கென ஓர் ஆணைக்குழுவையே அமைத்தார்கள். நிலம் பழங்குடிக் குலங்களுக்குச் சொந்தம் என்பதால், குத்தகையும் பங்கும் அங்கே தொடக்கத்திலிருந்தே பேச்சுக்குரிய விடயமாக இருந்தன. வெனிசுவேலாவில் ஓரினோகோ ஆற்றுக்கு வடக்கே உவெரிட்டோ புல்வெளிகளில் 1969இல் தொடங்கிய நடவு, மனிதர் நட்டு உருவாக்கிய உலகின் மிகப் பெரிய காடுகளில் ஒன்றாக வளர்ந்தது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதையும் அமெரிக்கப் பைன் ஒன்றையும் கலந்து, நேராக வளரும், காற்றைத் தாங்கும் கலப்பினம் ஒன்றை உருவாக்கினார்கள். அங்கத்தைய மரத்தொழிலின் தூண்களில் ஒன்று அது.

பிரேசிலின் ஜாரி திட்டம் தனியாகச் சொல்லத்தக்கது. அமெரிக்கச் செல்வந்தர் டானியல் லட்விக் 1967இல் அமேசான் காட்டில் பெருநிலம் வாங்கினார். மழைக்காட்டை அழித்து, தெற்காசியாவுக்கு உரிய குமிழ் மரத்தைக் காகிதக்கூழுக்காக நட்டார். மணற்பாங்கான இடங்களில் குமிழ் குன்றிப்போனது; அந்த இடங்களில் கரிபியன் பைன் நடப்பட்டது. கூழாலையையும் மின்னிலையத்தையும் ஜப்பானின் குரே துறைமுகத்தில் கட்டி, மிதக்கவிட்டு, 1978இல் கடல் வழியாக இழுத்துக்கொண்டுவந்து ஆற்றோரத்தில் நிறுத்தினார்கள். ஆயினும் செலவு மீளவில்லை. 1982இல் லட்விக் கைகழுவி வெளியேறினார். மழைக்காட்டை வெட்டிவிட்டுத் தோட்டம் போடுவது எவ்வளவு பெரிய நட்டம் என்பதற்கு ஜாரி இன்றும் சாட்சி. எரிந்து தேய்ந்த புல்நிலத்தில் அதே மரத்தை நட்ட பிஜியின் கணக்கு வேறு. மரம் ஒன்றுதான், நிலம் வேறாகும்போது நன்மை தீமையும் வேறாகின்றன.

இலங்கை மலைகளுக்கு வந்த வழி

மலைநாட்டின் காட்டை முதலில் பெருமளவில் விழுங்கியது கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்ததும் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆகாத சரிவுகளும், கைவிடப்பட்ட தோட்டங்களும், சேனைக்காக எரித்த நிலங்களும் காலப்போக்கில் மானாப் புல்லாலும் கேகில்ல என்னும் பன்னத்தாலும் மூடின. ஆண்டுதோறும் தீ வைக்கப்பட்டதால் மரம் திரும்ப வர வழியில்லாமல் போனது. 1960களின் பிற்பகுதியிலிருந்து வனத் திணைக்களம் இந்தச் சரிவுகளில் பைனஸ் நடத் தொடங்கியது. தாழ்ந்த, நடுத்தர உயரங்களில் கரிபியன் பைன். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் மெக்சிகோவின் பட்டுலா பைன்.

நடுவதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் காகிதமும் ஒன்று. 1956இல் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டது. வைக்கோல் நார் குட்டை. உறுதியான தாளுக்கு அதனுடன் நீள்நார்க் கூழைக் கலக்க வேண்டும். உள்நாட்டிலேயே பைனஸ் வளர்ந்தால் அந்தத் தேவை தீரும் என்ற நம்பிக்கை இருந்தது. அது நிறைவேறவில்லை. கூழாலை கட்டுப்படியாக வேண்டுமானால் ஓரிடத்தில் ஏராளமான மரம் தொடர்ந்து வந்துகொண்டிருக்க வேண்டும். நம் பைனஸோ செங்குத்தான சரிவுகளில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. வாழைச்சேனை ஆலையும் போரிலும் நட்டத்திலும் தடுமாறியது.

அதற்குள் இன்னொரு காரணம் முன்னுக்கு வந்துவிட்டது. 1970களின் இறுதியில் மகாவலித் திட்டம் துரிதப்படுத்தப்பட்டு, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை அணைகள் எழுந்தன. மேலே மொட்டைச் சரிவுகள் கரைந்தால் கீழே நீர்த்தேக்கங்கள் தூர்ந்துபோகும் என்ற அச்சம் நியாயமானது. வெளிநாட்டு உதவியுடன் நீரேந்துப் பகுதிகளில் மரம் நடும் வேலை விரைந்தது. மலிவாக, வேகமாக, தீய்ந்த மண்ணிலும் பிடிக்கும் மரம் எது என்று தேடியவர்களுக்குப் பைனஸைத் தவிர அதிகம் தெரிவிருக்கவில்லை. காகிதத்துக்கென்று வந்த மரம் இப்படித்தான் மண்காக்கும் மரமாகிப்போனது. தண்ணீரைப்பற்றிய கேள்வியை அந்த அவசரத்தில் யாரும் போதிய அளவு கேட்கவில்லை.

தண்ணீர்

லயங்களிலும் கிராமங்களிலும் முதலில் எழும் குற்றச்சாட்டு இது. மலையில் ஊற்றெடுத்து மூங்கிலோ குழாயோ வழியாக விழும் பீலியில்தான் பல தோட்டக் குடும்பங்கள் குளிப்பதும் குடிப்பதும். மேலே பைனஸ் வளர்ந்தபின் பீலி மெலிந்துவிட்டது, சித்திரை வெயிலில் சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது என்று முதியவர்கள் சொல்வதைப் பல தோட்டங்களில் கேட்கலாம். படித்தவர்கள் சிலர் இதை மூடநம்பிக்கை என்று தள்ளியதுண்டு. அறிவியல் மக்கள் பக்கமே நிற்கிறது.

ஒரே மாதிரியான இரண்டு நீரேந்துகளை எடுத்து, ஒன்றில் மரத்தை நட்டோ வெட்டியோ, மற்றதை அப்படியே விட்டு ஓடையளவை ஒப்பிடும் சோதனைகள் பல நாடுகளில் நடந்தன. இப்படிப்பட்ட 94 நீரேந்துச் சோதனைகளை 1982இல் தொகுத்து ஆராய்ந்த பொஷ், ஹியூலெட் இருவரும், பைன், யூகலிப்டஸ் வகைக் காடுகளின் பரப்பு 10 சதவீதம் மாறினால் ஆண்டு நீர்வரத்து சராசரியாக 40 மில்லிமீற்றர் மாறுகிறது என்று கண்டனர். 1 ஹெக்டெயரில் 1 மில்லிமீற்றர் நீர் என்பது 10,000 லீற்றர். 2005இல் ஃபார்லி முதலானோர் செய்த உலகளாவிய தொகுப்பு, புல்நிலத்தில் மரம் நட்டால் ஓடைநீர் சராசரியாக 44 சதவீதம் குறைவதாகக் காட்டியது. அதில் பைனால் ஏற்பட்ட குறைவு 40 சதவீதம், யூகலிப்டஸால் 75. தென்னாபிரிக்கா இந்த உண்மையைச் சட்டமாகவே ஆக்கியது: 1998ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் வணிக மரத்தோட்டத்தை ஓடைநீரைக் குறைக்கும் செயலாக வகைப்படுத்தி, அனுமதிக்கு உட்படுத்தியது. பிஜியில் இதே கரிபியன் பைனை அளந்த ஆய்வும் அது புல்லைவிட அதிக நீரைச் செலவிடுவதைக் காட்டியது.

காரணம் எளிது. புல் கோடையில் காய்ந்து ஓய்ந்துவிடும். பைன் ஆண்டு முழுவதும் பச்சையாக இருந்து ஆழ்வேரால் நீரை இழுக்கும். மழை பெய்யும்போது ஊசியிலைகளின் பெரும்பரப்பு கணிசமான நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உயர்ந்த, கரடுமுரடான முடிகளில் காற்று புகுந்து அந்த ஈரத்தைத் தரைக்கு வருமுன்பே ஆவியாக்கிவிடுகிறது.

ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்துவது முழு உண்மையாகாது. மிதிபட்டு இறுகிய, எரிந்து மேல்மண் போன நிலத்தில் மழை உள்ளே இறங்காமல் மேலோடிப் போய்விடும். மரம் வந்து, வேரும் சருகும் மண்ணைத் தளர்த்தினால் நீர் உள்ளிறங்கிக் கோடையில் ஊற்றாக வரக்கூடும். மரம் செலவிடும் நீருக்கும், மண் புதிதாக உறிஞ்சிச் சேமிக்கும் நீருக்கும் இடையிலான வரவுசெலவுதான் கோடை ஓடையைத் தீர்மானிக்கிறது. நேபாளத்தின் நடுமலைகளில் பாழ்பட்ட மேய்ச்சல் நிலத்தில் வளர்த்த பைன் காட்டை ஆராய்ந்தபோது, ஊர்மக்கள் சருகை ஆண்டுதோறும் வாரிச்சென்றதால் மண் தேறவே இல்லை. மரத்தின் செலவு மட்டும் மிஞ்சியது. வரட்சிக்கால நீர் குறைந்தது. நம் மலைகளில் சருகை மக்கள் வாருவதைவிட ஆண்டுதோறும் தீ தின்பதுதான் அதிகம். மண்ணைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

அதேபோல, நெருக்கமாக நிற்கும் காட்டை ஐதாக்கினால் நீர்ச்செலவு குறையும் என்பதும் உறுதிப்பட்ட செய்தி. நம்மிடையே பல பைனஸ் காடுகள் நட்ட நெருக்கத்திலேயே, உரிய காலத்தில் ஐதாக்கப்படாமல் நிற்கின்றன. பீலி மெலிந்ததற்கு மரத்தின் இயல்பு ஒரு பாதிக் காரணமென்றால், கவனிப்பாரற்று விட்ட நம் பொறுப்பின்மை மற்றப் பாதி.

சருகும் தீயும்

மூடிய பைனஸ் காட்டுக்குள் போய்த் தரையைக் கையால் விலக்கிப் பார்த்தால் விடயம் விளங்கும். மேலே பளபளக்கும் செம்பழுப்பு ஊசிகள், மும்மூன்றாக அடியில் இணைந்தபடியே, ஒரு சாண் நீளத்தில் கிடக்கும். காலை வைத்தால் வழுக்கும். அதை நீக்கினால் நரைத்து ஒடிந்த ஊசிகள். அவற்றினூடே வெள்ளை நூல்போல் பூஞ்சையின் இழைகள். அதற்கும் கீழே, மண்ணோடு ஒட்டிய இடத்தில், கைக்கு ஈரமாகத் தட்டுப்படும் மெல்லிய கரும்படை. மேலே இவ்வளவு சருகு குவிந்திருந்தும் மட்கியது இவ்வளவுதான். ஊசியிலையில் நைதரசன் குறைவு, பிசினும் மரச்சத்தும் அதிகம் என்பதால் அது மெதுவாகவே மட்குகிறது. மண் மெல்ல அமிலத்தன்மை அடைகிறது. பைனஸ் மண்ணை நஞ்சாக்குகிறது என்பது மிகைக்கூற்று. சத்துச் சுழற்சியை மந்தமாக்குகிறது என்பதே சரி.

அந்தச் சருகுப்படையின் உண்மையான ஆபத்து தீ. ஆடி மாதத்தில் ஊவாவின் சரிவுகளில் கச்சான் காற்று வரண்டு வீசும்போது, பாதையோரத்தில் எறியப்பட்ட ஒரு பீடித் துண்டோ, மேய்ச்சலுக்குப் புல் எரிக்க வைத்த தீயோ போதும். தாயகத்தில் தீயோடு வாழப் பழகிய இந்த மரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. அடியில் பறவைகள் கொண்டுவந்து போட்ட விதையிலிருந்து முளைத்த உள்ளூர்க் கன்றுகள் கருகிப்போகின்றன. பைனஸுக்கு அடியில் ஒன்றும் முளைக்காது என்று நாம் நம்புவதற்குப் பெரிய காரணம் இதுதான். முளைக்கிறது, ஆண்டுதோறும் எரிந்துபோகிறது.

நிழலில் வளரும் காடு

தீ வராத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் புவேர்ட்டோ ரிக்கோவே விடை சொல்கிறது. பூஞ்சை மண் இட்டு வளர்த்த அதே பைன் தோட்டங்களின் அடியில், சில பத்தாண்டுகளில் உள்ளூர் மரங்கள் தாமாக வந்து சேர்ந்ததை ஏரியல் லூகோ 1992இல் வெளியிட்ட ஆய்வில் பதிவுசெய்தார். நட்ட தோட்டம் பாலைவனமாக இருக்க வேண்டியதில்லை, இயற்கைக் காடு திரும்ப வருவதற்கு அது முன்னோடியாகலாம் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது.

நம் நாட்டில் இதைக் கையாலேயே செய்துகாட்டியது சிங்கராஜவில். 1972 முதல் 1977 வரை ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இயந்திரங்களால் வெட்டப்பட்ட வனம் அது. மக்கள் எதிர்ப்பால் வெட்டு நின்றது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆனது. வனத்தின் எல்லையை ஒட்டி, கேகில்ல மூடிக்கிடந்த வெளிகளில் பைனஸ் நடப்பட்டிருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து மார்க் ஆஷ்டனும் 1990களின் தொடக்கத்தில் அங்கே ஒரு சோதனையைத் தொடங்கினர். சில இடங்களில் பைனஸை மூன்று வரிசை அகற்றினார்கள். சில இடங்களில் ஒரு வரிசை. சில இடங்களை மூடியபடியே விட்டார்கள். ஹோரா, நாகமரம், மூன்று ஷோரியா இனங்கள் என ஐந்து பெருமரங்களின் கன்றுகளை நட்டு அளந்துவந்தார்கள்.

இந்த மரங்கள் முதிர்ந்த மழைக்காட்டுக்கு உரியவை. சுடும் வெயிலில் கேகில்ல வெளியில் நட்டால் கருகும். மூடிய பைனஸ் நிழலில் நட்டால் உயிரோடு குன்றி நிற்கும். வரிசை அகற்றிய இடைவெளிகளில், பக்கத்துப் பைனஸ் வெயிலையும் காற்றையும் தணிக்க, வெளிச்சமும் கிடைக்க, அவை நன்றாக எழும்பின. அடுத்த கட்டமாக, ஊர்மக்களுக்குப் பயன்படும் கித்துள், மரமஞ்சள், பிரம்பு, ஏலம் ஆகியவற்றையும் அடியில் வளர்த்துப் பார்த்தார்கள். கைக்குழந்தையைத் தாய் வரும்வரை இடுப்பில் வைத்திருக்கும் அயல்வீட்டுப் பெண்ணைப்போல, பைனஸ் அங்கே காட்டை ஏந்தி நின்றது.

இந்த ஆய்வின் பயன் சிங்கராஜவோடு முடிவதில்லை. விதைதரும் காடு அருகில் இருந்தால், தீயை மட்டும் தடுத்து வரிசைகளை ஐதாக்கினாலே போதும்; கொண்டைக்குருவியும் வௌவாலும் மீதி வேலையைச் செய்யும். காடு தொலைவில் இருந்தால் கன்றை நாமே நட வேண்டும். பெரிய விதையுள்ள மரங்கள் தாமாக நெடுந்தூரம் வரமாட்டா.

மரம் நிற்கக்கூடாத இடங்கள்

இந்தச் சமாதானம் எல்லா நிலத்துக்கும் செல்லாது. மனிதர் எரித்ததால் புல்லான சரிவு வேறு, இயற்கையாகவே புல்லாக இருந்த உயர்மலை வெளி வேறு. ஹோர்ட்டன் சமவெளியின் ஈரப் பத்தனைகள் போன்ற புல்நிலங்கள் தமக்கே உரிய செடிகளும் பூச்சிகளும் பறவைகளும் கொண்ட பழைய வாழிடங்கள். கடலுக்கு அப்பால் பழனி மலை இதில் எச்சரிக்கை தருகிறது. சோலையும் புல்வெளியும் மாறி மாறி நின்ற அந்த மலைகளில் பைன், யூகலிப்டஸ், சீகை மரத் தோட்டங்களும் விவசாயமும் பரவி, நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு அழிந்ததைச் செயற்கைக்கோள் படங்களைக்கொண்டு செய்த ஆய்வு காட்டியது. கொடைக்கானல் பைன் காட்டில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் எவருக்கும் அங்கே முன்பு என்ன இருந்தது என்பது தெரிவதில்லை. புல்வெளியை வெற்று நிலம் என்று எண்ணிய வனவியல் செய்த இழப்பு அது. தோட்டத்திலிருந்து காற்றில் பறக்கும் விதை பக்கத்துப் புல்வெளியில் முளைப்பதையும் இத்துடன் சேர்த்து எண்ண வேண்டும்.

யாருக்கு வருமானம்?

பைனஸ் பலகை இலேசானது, அறுக்க எளிது. பெட்டிக்கும் மலிவான தளவாடத்துக்கும் கட்டட வேலைக்கும் உதவும். வெட்டிய மரத்தை விரைவில் அறுத்து உலர்த்தாவிட்டால் நீலக்கறைப் பூஞ்சை ஏறிவிடும்; மருந்தேற்றாமல் மழையில் வைத்தால் உளுத்துப்போகும். இந்தத் தொழில்நுட்பம் எளியதுதான். ஆனால் அதைச் செய்யும் ஆலைகள் காடு இருக்கும் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும்.

பிசின் இன்னொரு வருமானம். பட்டையைச் சீவி, காயத்துக்கு அமிலப் பசை பூசி, அடியில் பொலித்தீன் பை கட்டி வைத்தால் பிசின் வழிந்து நிறையும். காய்ச்சி வடித்தால் டர்பன்டைனும், வர்ணம், பசை, சவர்க்காரம் செய்ய உதவும் ரோசினும் கிடைக்கும். அளவோடு சீவினால் மரம் பல ஆண்டு தரும். பேராசைப்பட்டுச் சுற்றிச் சுற்றிச் சீவினால் நலிந்து சாயும், பிசின் வழிந்த காயம் தீயையும் இழுக்கும். இதுவரை இந்த வருமானத்தில் அருகிலுள்ள கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் கிடைத்தது பெரும்பாலும் கூலி மட்டுமே. காட்டில் பங்கில்லாதவர்கள் தீயை அணைக்க ஓடிவருவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. பிஜியில் நிலவுடைமைக் குலங்களோடு பங்கு பேசியது எத்தனை சிக்கல் நிறைந்ததாக இருந்தாலும், அடிப்படையில் சரியான வழி.

செய்ய வேண்டியது

இதுவரை பார்த்தவற்றைக் கூட்டிப் பார்த்தால், நாடு முழுவதற்கும் ஒரே கட்டளை பொருந்தாது என்பது தெளிவு. ஒவ்வொரு பைனஸ் காட்டையும் அது நிற்கும் நிலத்தைக்கொண்டு நான்காகப் பிரிக்க வேண்டும்.

இயற்கைக் காட்டை ஒட்டிய ஈரவலயத் தோட்டங்கள் முதல் வகை. இங்கே சிங்கராஜ முறையில் வரிசைகளை அகற்றி, உள்ளூர் மரங்களை நட்டு, இருபது முப்பது ஆண்டுகளில் பைனஸை முற்றாக விடைகொடுத்து அனுப்ப வேண்டும்.

குடிநீர் ஊற்றுகளுக்கும் பீலிகளுக்கும் மேலே, செங்குத்துச் சரிவில் நிற்பவை இரண்டாம் வகை. மக்கள் கோபத்தில் கேட்பதுபோல் இவற்றை ஒரேயடியாக வெட்டினால், வெட்டிய அடிவேர்கள் சில ஆண்டுகளில் உக்கி மண்ணைப் பிடிக்கும் வலுவை இழக்கும். பெருமழையில் சரிவே இறங்கிவரும். மண்சரிவு என்ன செய்யும் என்பதை மலையக மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே படிப்படியாக ஐதாக்கி, ஆழ்வேர் உள்ள உள்ளூர் மரங்கள் வேர்பிடித்தபின் அடுத்த படியை எடுக்க வேண்டும். ஓடையின் இரு கரையிலும் முதலில் தொடங்க வேண்டும்.

இயற்கைப் புல்வெளியில் நிற்பவை மூன்றாம் வகை. இவற்றை அகற்றி மீண்டும் எந்த மரமும் நடாமல் விட வேண்டும். பரவும் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும்.

மெல்லிய சரிவில், ஓடைக்கு எட்டி, பாதை வசதியுடன் நிற்பவை நான்காம் வகை. இவற்றை நல்ல தோட்டமாகவே வைத்திருக்கலாம். நாட்டுக்குப் பலகை வேண்டும். அது இங்கே வளராவிட்டால் எங்கோ ஒரு மழைக்காட்டிலிருந்துதான் வரும். ஆனால் காலத்தில் ஐதாக்குவது, தீத்தடை வழி வெட்டுவது, பிசின் சீவலை மேற்பார்ப்பது, வருமானத்தில் அயல் மக்களுக்கு எழுத்துமூலமான பங்கு ஆகிய நான்கும் அங்கே கட்டாயம் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஓடைகளை அளக்க வேண்டும். ஐதாக்குவதற்கு முன்னும் பின்னும் கோடையில் ஒரு பீலி ஒரு நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் தருகிறது என்பதை ஒரு வாளியும் கடிகாரமும் கொண்டு பாடசாலைப் பிள்ளைகளே பதிந்துவிடலாம். ஐம்பது ஆண்டுகளாக வாய்ச்சண்டையாக இருந்த விடயம் அப்போது ஊர்மக்கள் கையில் கணக்காக மாறும். வனத் திணைக்களமும் தோட்ட நிர்வாகமும் அந்தக் கணக்கை வைத்து மக்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

பைனஸ் தானாக இங்கு வரவில்லை, நாம் கொண்டுவந்தோம். எரிந்த சரிவில் அது தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்கு அடுத்த வேலை நம்முடையது. அதை ஐம்பது ஆண்டுகள் தள்ளிப்போட்டோம். இன்று நிற்கும் மரங்கள் பலவும் அறுப்பு வயதை எட்டிவிட்ட நிலையில், திட்டமில்லாமல் வெட்டி மீண்டும் மொட்டைமலை ஆக்குவதா, வரிசை வரிசையாக இடம்மாற்றி உள்ளூர்க் காட்டை எழுப்புவதா என்பதை இந்தத் தலைமுறைதான் முடிவுசெய்யப்போகிறது. எப்படிச் செய்வது என்பது சிங்கராஜவிலேயே செய்துகாட்டப்பட்டிருக்கிறது. அதை மலைநாடு முழுவதற்கும் கொண்டுசெல்லப் பணமும் ஆளும் ஒதுக்குவதே இனி வேண்டியது.